இருக்கிற ரிலேயையே ஏன் மறுபடி வாங்குகிறோம்?

கேள்வி சுருக்கமாக இது. மூன்று பேர் வேலை செய்கிற சின்னப் பட்டறை. பாதி வேலை யுபிஎஸ், இன்வர்ட்டர், ஸ்டெபிலைசர் ரிப்பேர். மீதிப் பாதி, தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலர் போர்டு மாதம் 40, 50 செய்து கொடுப்பது. சாமான்களெல்லாம் பிஸ்கட் டின்னிலும் பாலித்தீன் கவரிலும் கிடக்கின்றன. எக்செல்லில் ஸ்டாக் கணக்கு தொடங்கி இரண்டே மாதத்தில் கைவிட்டாயிற்று. இருப்பதையே திரும்ப வாங்குகிறோம். வேண்டியது வேண்டிய நேரத்தில் இல்லை. எந்த சாஃப்ட்வேர் போட்டால் இது சரியாகும்?

கோவையில் ஏறக்குறைய இதே வேலையைத்தான் நானும் பல வருஷமாகச் செய்கிறேன். எக்செல்லில் நானும் தோற்றிருக்கிறேன், இரண்டு தடவை. அதனால் சாஃப்ட்வேர் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

எக்செல் ஏன் படுத்தது என்று முதலில் பார்ப்போம். ஒரு கையில் சால்டரிங் அயர்ன், இன்னொரு கையில் வெடித்த மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்). வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார். அந்த நேரத்தில் எழுந்து போய், கம்ப்யூட்டரைத் திறந்து, ஐஆர்எஃப்3205 என்ற அதன் எண் இருக்கும் வரியைத் தேடி 14-ஐ 13 ஆக்கிவிட்டு வர யாருக்கும் மனசு வராது. உங்களுக்கே வராதபோது வேலைக்கு இருக்கும் பையனுக்கு எப்படி வரும்? ஒரு வாரத்தில் ஷீட்டில் 14 இருக்கும், டிராயரில் 2 இருக்கும். இப்படி இரண்டு முறை ஏமாந்தால் அதற்கப்புறம் ஷீட்டை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கணக்கே இல்லாவிட்டால் டிராயரைத் திறந்தாவது பார்ப்போம். தப்பான கணக்கு இருந்தால் அதை நம்பி ஆர்டர் போடாமல் விட்டுவிடுவோம்.

ஒரு பட்டறையில் நாள் முழுக்க வரும் கேள்விகள் இரண்டுதான்: அந்தச் சாமான் எங்கே இருக்கிறது? தீரப்போகிறதா? எத்தனை இருக்கிறது என்ற மூன்றாவது கேள்வி வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். உங்கள் எக்செல் அந்த மூன்றாவதற்கு மட்டும் பதில் வைத்திருந்தது.

முதலில் இடம். ஒரு சாமானுக்கு ஓர் இடம், ஒரே இடம். எங்கள் பட்டறையில் ஒருமுறை 12 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 50 வாங்கி வந்து வைத்த அதே வாரம், ரேக்குக்குப் பின்னால் விழுந்த ஸ்க்ரூடிரைவரைத் தேடும்போது ஒரு அட்டைப்பெட்டியில் பழைய 70 ரிலே கிடைத்தது. காசு போனதைவிட, ‘இல்லை’ என்று நாங்கள் மூன்று பேருமே சத்தியம் செய்தோம் என்பதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். கரண்ட் போனாலும் கை நேராகக் கடுகுக்குப் போகும். எத்தனை கடுகு இருக்கிறது என்று யாரும் எண்ணி வைத்ததில்லை.

சின்ன டிராயர் வைத்த பிளாஸ்டிக் கேபினெட் வாங்குங்கள். ஒவ்வொரு கேபினெட்டுக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு டிராயருக்கும் ஓர் எண். எங்களிடம் அ, ஆ, இ, ஈ என்று நான்கு. ஆ-17 என்றால் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக சிக்னல் கடத்தும் சாமான்). இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, இது டிரான்சிஸ்டர் வரிசை, இது ஐசி வரிசை என்று வகை பிரித்து அடுக்கப்பார்ப்பது. முதல் மாதம் அழகாக இருக்கும். புதிதாக நாலு ஐசி வந்தவுடன் அந்த வரிசையில் இடம் இருக்காது. ‘இப்போதைக்கு’ என்று வேறெங்கோ வைப்போம். அந்த இப்போதைக்கு மூன்று வருஷம் ஓடும். புதுச் சாமான் வந்தால் எந்த டிராயர் காலியோ அதில் போட்டு, அந்த எண்ணைக் குறித்துக்கொள்வதே போதும். ரெசிஸ்டர், கெபாசிட்டர் இரண்டை மட்டும் மதிப்பு வரிசையில் வையுங்கள். ரெசிஸ்டர்கள் வழக்கமாக வரும் ‘E12’ என்ற மதிப்பு வரிசையில் ஒரு பத்து மடங்குக்குள் 12 மதிப்பு, 1 ஓமிலிருந்து 1 மெகா ஓம் வரை 6 படி, ஆக 72. ஆனால் உங்கள் ரிப்பேர் நோட்டைப் புரட்டினால் நிஜமாகப் பயன்படுவது 25-க்குள்தான் நிற்கும். அந்த 25-க்கு டிராயர் கொடுத்து, மற்றதையெல்லாம் கவரில் போட்டு ஒரு பெட்டியில் வரிசையாக நிறுத்திவிடுங்கள்.

டிராயர் லேபிளில் என்ன எழுதுவது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சாமானின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதை, பின்னால் வரும் எழுத்து உட்பட, அப்படியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நானே தமிழில் எழுதிப் பார்த்து மாட்டிக்கொண்டவன்: 547 டிரான்சிஸ்டரும் ‘பிசி’, 817 ஆப்டோகப்ளரும் ‘பிசி’! ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு வேறு. ஐஆர்எஃப்இசட்44, ஐஆர்எல்இசட்44 என்ற இரண்டு மாஸ்ஃபெட்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்; பின்னது மைக்ரோகன்ட்ரோலர் கொடுக்கும் 5 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும், முன்னதற்கு ‘கேட்’ என்ற கட்டுப்பாட்டுக் காலில் 10 வோல்ட் வேண்டும். பவர் சப்ளையை ஓட்டும் யுசி3842 ஐசி இருந்த இடத்தில் 3843-ஐப் போட்டாலும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) சில சமயம் ஓடும். ஆனால் 3842 சுமார் 16 வோல்ட்டில் எழுந்து 10-இல் படுக்கும்; 3843 எட்டரையில் எழுந்து ஏழரையில் படுக்கும். ஓடுகிறதே என்று அனுப்பிவைத்த சப்ளை பிறகு வேறு குறையோடு திரும்பி வரும்.

ரிலே கதையைச் சொல்லியாக வேண்டும். நீலக் கலரில் கட்டியாக இருக்குமே, சுகர் க்யூப் ரிலே, அதுதான் எங்கள் கன்ட்ரோலரில். 40 போர்டு சால்டர் முடித்து டெஸ்ட்டுக்கு வைத்தோம். ஏழாவது போர்டில் பையன் நிமிர்ந்தான். “அண்ணா, எல்ஈடி எரியுதுங்ணா, ரிலே மட்டும் இழுக்க மாட்டேங்குது.” டிரான்சிஸ்டரைப் பார்த்தோம், டயோடு தலைகீழா என்று பார்த்தோம், காயிலில் அளந்தால் 12 வோல்ட் முழுசாக வருகிறது. அரைமணி நேரம் கழித்துத்தான் ரிலேயின் தலையில் இருக்கும் எழுத்தைப் படித்தேன்: 24 வோல்ட். அதே கலர், அதே அளவு, அதே ஐந்து கால். ஏதோ ஒரு பேனல் வேலையில் மிஞ்சிய 24 வோல்ட் ரிலேக்களை யாரோ நல்லெண்ணத்தோடு அந்த டிராயரில் கொட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, நானாகவே இருக்கும். டிராயர் லேபிளில் ‘ரிலே’ என்று மட்டும்தானே எழுதியிருந்தோம்! 40-இல் 11 போர்டு அப்படி. இரண்டு பக்கமும் செம்பு பூசிய துளையிலிருந்து ஐந்து கால் ரிலேயைக் கழற்றுவது என்னவென்று உங்களுக்குத் தெரியும். மூன்று போர்டில் பேடே (கால் சால்டர் ஆகும் செம்பு வட்டம்) பெயர்ந்து வந்துவிட்டது. இப்போது ரிலே உள்ளே வரும்போதே கவருக்கு இரண்டை எடுத்து மீட்டரில் காயிலைத் தொட்டுப் பார்க்கிறோம். இந்த வகையில் 12 வோல்ட்டுக்கு 400 ஓம் பக்கம், 24-க்கு 1600 ஓம் பக்கம் காட்டும்.

எஸ்எம்டி சாமானுக்கு, அதாவது துளை இல்லாமல் போர்டின் மேலேயே சால்டர் ஆகும் பொடிச் சாமானுக்கு, இதைவிடக் கவனம் வேண்டும். ரெசிஸ்டரின் தலையிலாவது 472, 103 என்று எழுதியிருக்கும். செராமிக் கெபாசிட்டரில் எதுவுமே இருக்காது, வெறும் பழுப்புக் கட்டி. 100 நானோவும் 10 நானோவும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் கண்ணால் பிரிக்கவே முடியாது. ட்வீசர் மாதிரி எல்சிஆர் மீட்டர் வைத்து ஒவ்வொன்றாக அளக்கலாம்தான். ஒரு ரூபாய்கூடப் பெறாத சாமானுக்கு ஒரு மதியம் போய்விடும். தரையில் கொட்டியதைப் பெருக்கி எடுத்து டப்பாவில் போடுகிற பழக்கத்தை நான் தடை செய்துவிட்டேன். இவை வரிசையாக அடைபட்டு வரும் டேப்பிலிருந்து உதிர்ந்த கெபாசிட்டர் குப்பைக்குத்தான். டேப் துண்டுகளை வைக்க விசிட்டிங் கார்டு ஆல்பம் நன்றாக இருக்கிறது: ஒரு பைக்கு ஒரு மதிப்பு, மேலே ஒரு சீட்டு, புத்தகம் மாதிரிப் புரட்டலாம்.

டேப்பில் இன்னொரு வசதி, எண்ணவே வேண்டாம். 0805, 0603 அளவுச் சாமான்கள் 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். 10 சென்டிமீட்டர் வெட்டினால் 25, ஒரு மீட்டர் என்றால் 250. மேஜை ஓரத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்தால் போதும். 0402 என்றால் 2 மில்லிமீட்டர், அதே நீளத்தில் இரண்டு மடங்கு. கால் வைத்த ரெசிஸ்டர் டேப்பில் வந்தால் இடைவெளி 5 மில்லிமீட்டர். 100 ரெசிஸ்டர் அரை மீட்டர். டேப்பில் வராத ஸ்க்ரூ, டெர்மினல், ரிலே இவற்றுக்கு நகைக்கடைத் தராசு. 20 எண்ணி எடை போட்டு, ஒன்றின் எடையைக் கண்டு, மொத்தத்தை வகுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, தீரப்போகிறதா என்பது. இதற்கு நான் கண்டதிலேயே உருப்படியான வழி ஒரு சிட்டையும் ஒரு கவரும். டிராயரில் இருக்கும் சாமானில் ஒரு பகுதியைப் பிரித்து ஒரு சின்ன கவரில் போட்டு, அதனுள் ஒரு சிட்டையும் வைத்து ஒட்டி, அதே டிராயரின் பின்பகுதியில் போட்டுவிடுங்கள். சிட்டையில் சாமான் பெயர், டிராயர் எண், எத்தனை வாங்க வேண்டும், எங்கே வாங்கினோம், கடைசி விலை. வெளியே இருப்பது தீர்ந்ததும் கவரைக் கிழிப்பார்கள். கிழித்தவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தச் சிட்டையை வாசல் பக்கம் இருக்கும் ஆணியில் குத்த வேண்டும். நான் சாயங்காலம் டீ குடிக்கும்போது ஆணியைப் பார்ப்பேன். குத்தியிருப்பதெல்லாம் வாங்க வேண்டியவை. டொயோட்டா கார் தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ கொண்டுவந்த கான்பான் அட்டையும் அடிப்படையில் இதுதான். நம் ஊரில் அரிசி மூட்டையின் அடியில் ஒரு படி தனியாக எடுத்து வைக்கிறவர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கவருக்குள் எத்தனை போடுவது? வாரத்துக்கு எத்தனை செலவாகிறது, ஆர்டர் போட்டால் எத்தனை வாரத்தில் வரும், இரண்டையும் பெருக்கி மேலே கொஞ்சம் கூட்டுங்கள். ரிலே வாரம் 15, வர 2 வாரம் ஆகும் என்றால் 30. ஒரு பண்டிகை குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று 40. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சல் இரண்டு நாளில் வந்துவிடும் சாமானுக்கு 10 போதும். வெளிநாட்டிலிருந்து கஸ்டம்ஸ் தாண்டி வர வேண்டிய ஐசிக்கு ஒரு மாதச் செலவையே கவரில் போட்டுவைப்பேன்.

எல்லாச் சாமானுக்கும் சிட்டை வைக்காதீர்கள். எங்களிடம் 350 வகை இருக்கிறது. சிட்டை இருப்பது 40-க்குத்தான். அது இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும், பக்கத்துத் தெருக் கடையிலும் கிடைக்காது, இந்த இரண்டும் சேர்ந்தால் மட்டும் சிட்டை. 4007 டயோடைப் போய் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. 500 வாங்கிப் போட்டு மறந்துவிட வேண்டும்.

கன்ட்ரோலர் போர்டு வேலைக்கு மட்டும் நிஜமான எண்ணிக்கைக் கணக்கு வரும், ஏனென்றால் அங்கே என்ன செலவாகும் என்பது முன்கூட்டியே தெரியும். 50 போர்டு என்றால் வேலையைத் தொடங்குவதற்கு முந்தைய நாளே 50 செட்டை எடுத்து ஒரு பெட்டியில் கட்டிவிடுங்கள். சின்ன எஸ்எம்டி சாமானில் இரண்டு மூன்று கூடுதலாக, ஐசியில் ஒன்று கூடுதலாக. 47 மைக்ரோஃபாரட் ஆறு குறைகிறது என்பது அப்போதே தெரியும்; 44 போர்டு முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை. ஷீட்டிலும் ஒவ்வொரு சாமானாகக் கழிக்காமல், ‘50 போர்டு முடிந்தது’ என்று ஒரே வரி எழுதினால் ஃபார்முலா மற்றதைக் கழித்துக்கொள்ளும்.

பழைய போர்டில் கழற்றிய சாமானைப் புதுச் சாமானோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். எங்களிடம் அதற்குச் சிவப்பு டப்பா. டெஸ்ட் செய்து பார்க்கவும், அவசரத்துக்கும் மட்டும். வாடிக்கையாளர் போர்டிலிருந்து கழற்றியது அந்த ஜாப் நம்பர் எழுதிய கவருக்குள், பில் போடும் வரை. “என் சாமானை மாத்திட்டீங்களா?” என்று கேட்கிறவரிடம் எடுத்துக்காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வயசாகும் சாமான்கள் சில உண்டு. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் சும்மா கிடந்தாலே உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலியும். இரண்டு வருஷம் தாண்டியதை அப்படியே 400 வோல்ட்டில் போடாமல், ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக வோல்டேஜ் ஏற்றிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கவரின் மேல் வாங்கிய மாதத்தை எழுதி, புதியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் எடுக்க வேண்டும். நிறைய எஸ்எம்டி ஐசிகளின் கவரில் ஈரப்பத நிலை என்று ஓர் எண் போட்டிருக்கும். 3 என்று இருந்தால், கவரைப் பிரித்த 168 மணி நேரத்துக்குள், அதுவும் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் இருக்கும் அறையில், ரீஃப்ளோ (போர்டு முழுவதையும் சூடாக்கி சால்டர் செய்வது) செய்து முடித்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் எந்தப் பட்டறையில் 60 சதவீதம் இருக்கிறது? காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், நீலம் ரோஸ் ஆனதும் சூடுபடுத்தி மறுபடி நீலமாக்கிப் போடுவது, இவ்வளவு செய்தால் சின்னப் பட்டறைக்கு ஒப்பேறும். கையால் ஒவ்வொரு காலாக சால்டர் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஐசி முழுவதும் ஒரே நேரத்தில் சூடேறுகிற ரீஃப்ளோவில்தான் உள்ளே போன ஈரம் ஆவியாகி உடலைப் பிளக்கும்.

ஸ்டாட்டிக் விஷயம் இரண்டு வரி. ரோஸ் கவர் தான் உரசிச் சார்ஜ் உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வெள்ளி நிறக் கவர். இந்த மாஸ்ஃபெட்களின் கேட் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, ஆகவே மளிகைக்கடை பாலித்தீனிலும் அந்த விசிட்டிங் கார்டு ஆல்பத்திலும் மாஸ்ஃபெட் வேண்டாம்.

வாங்குவதைப் பற்றி ஒன்று. பழைய ஐசியின் தலையைத் தேய்த்துப் புதுப் பெயர் அச்சிட்டு விற்பது எல்லாச் சந்தையிலும் நடக்கிறது. ஒரே ஐசியை இரண்டு கடையில் வாங்கினால் ஒன்றாகக் கொட்டாமல், கவர் கவராக, கடை பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். ஐசி மேல் இருக்கும் நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டையும் பாருங்கள். 2134 என்றால் பெரும்பாலும் 2021-ஆம் வருஷத்தின் 34-ஆவது வாரம். வரிசையாக நாலு மாஸ்ஃபெட் வெடித்தால் எந்த லாட் என்று கை காட்டிச் சொல்ல முடிய வேண்டும். 2021 சிப் தட்டுப்பாட்டில் எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் விலை பல மடங்கு ஏறியபோது எங்களைக் காப்பாற்றியது ஷீட்டில் இருந்த ‘மாற்று’ என்ற ஒரு நெடுவரிசைதான். அதே கால் அமைப்பில் வரும் ஜிடி32 ஓடும் என்று முன்பே ஓட்டிப் பார்த்துக் குறித்திருந்தோம். தட்டுப்பாடு வந்த பிறகு தேடத் தொடங்கியவர்கள் வாங்கிய விலையைக் கேட்டால் பாவமாக இருக்கும்.

இனி சாஃப்ட்வேர். உங்கள் அளவுக்குக் கூகுள் ஷீட் தாராளம். டிராயர் எண், முழுப் பெயர், பேக்கேஜ், மாற்று, கடை, கடைசி விலை, வாங்கிய தேதி, ஜிஎஸ்டி பில்லுக்கான எச்எஸ்என் எண் (ரெசிஸ்டர் 8533, கெபாசிட்டர் 8532, டயோடு டிரான்சிஸ்டர் 8541, ஐசி 8542, ரிலே 8536). எண்ணிக்கைக்கு நெடுவரிசை வேண்டாம், குறைந்தபட்சம் முதல் ஆறு மாதத்துக்கு. போனில் தேடினால் ஆ-17 என்று வர வேண்டும், அவ்வளவே அதன் வேலை. நாலைந்து வகை போர்டு செய்யத் தொடங்கி, ஒரே சாமான் மூன்று போர்டில் வரும் நிலை வந்தால் இன்வென்ட்ரீ அல்லது பார்ட்-டிபி என்ற ஸ்டாக் சாஃப்ட்வேர் போடுங்கள். இரண்டும் இலவசம், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓடும். பார்ட்கீப்பர் என்று ஒன்றை யாராவது சொன்னால், அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. இப்போது அதில் தொடங்க வேண்டாம். டாலி கணக்கு சாஃப்ட்வேரில் இருக்கும் ஸ்டாக் ஆடிட்டருக்கு. அதைப் பார்த்து டிராயரைத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள்.

முழுசாக எண்ணுவதற்கு நாங்கள் வைத்திருப்பது இரண்டு நாள். ஒன்று மார்ச் 31-ஐ ஒட்டி, அன்றைய இருப்பின் மதிப்பு எப்படியும் கணக்குக்கு வேண்டும். இன்னொன்று ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். எப்படியும் எல்லா டிராயரையும் இறக்கித் துடைக்கப்போகிறோம், துடைக்கும்போதே எண்ணிவிடுவது. ஒரு வருஷமாகத் திறக்காத டிராயருக்கு அன்று உள்ளே ஒரு மஞ்சள் சீட்டு. அடுத்த பூஜைக்கும் அந்தச் சீட்டு அசையாமல் இருந்தால் அந்தச் சாமான் மொத்தமாக வெளியே போய்விடும்.

தொடங்கும்போது எல்லா பிஸ்கட் டின்னையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தரையில் கவிழ்க்காதீர்கள், திங்கட்கிழமை வேலை நின்றுபோகும். இன்று எந்தச் சாமானைத் தேடி எடுக்கிறீர்களோ அதற்கு மட்டும் இன்று டிராயர் கொடுங்கள். ஒரு மாதத்தில் அடிக்கடி ஓடும் சாமானெல்லாம் தானாக டிராயருக்கு வந்துவிடும், டின்னில் மிஞ்சுவதற்கு அவசரமே இல்லை. லேபிளை மட்டும் மார்க்கரில் எழுதாதீர்கள். சால்டர் செய்த பின் ஃப்ளக்ஸ் பிசுக்கைத் துடைக்கிற ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) பட்ட விரலால் ஒரு தடவை டிராயரை இழுத்தால் போதும், எழுத்து கரைந்துபோகும். பென்சிலில் எழுதி மேலே செல்லோ டேப் ஒட்டுங்கள்.